தூளியில் கழியும் பொழுதையும் எழுதுங்கள்

குழந்தைகளின் அறிவு வளர்ச்சியையும் உடலியக்க வளர்ச்சியையும் ஆராயும் மதிப்பிற்குரிய ஆய்வாளர்களுக்கு,

வணக்கம். நான் ஓர் இயன்முறை மருத்துவர். கழுத்து நிற்கத் தாமதிக்கும் குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள், உட்கார வேண்டிய வயதில் உட்காராத குழந்தைகள், இவர்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வரும் தாய்மார்கள் ஆகியோரோடு 19 ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் உள்ள செங்கல் சூளைகளுக்கும் ஏரிக்கரைக் குடியிருப்புகளுக்கும் வாரத்தில் இரண்டு நாள் நேரில் செல்கிறேன். உங்களைப் போன்றோரின் ஆய்வுக் குழுக்கள் சிலவற்றுக்கு வீடு காட்டியிருக்கிறேன். கேள்வித்தாள்களைத் தாய்மார்களுக்குப் புரியும்படி வாசித்துச் சொல்லியிருக்கிறேன். பையிலிருந்து எடுத்து வைத்த மணியையும் மரக்கட்டைகளையும் கண்டு மிரண்ட குழந்தைகளை மடியில் வைத்துச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். உங்கள் துறையின் உழைப்பு இல்லாவிட்டால் நான் தரும் சிகிச்சையில் பாதிக்கு அடிப்படையே இருந்திருக்காது. அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பங்குனி மாதக் காலையில், சூளை ஒன்றில் கேட்ட உரையாடல் இது. ஆய்வுக் குழு ஒன்றின் உதவியாளர், பத்து மாதம் முடிந்த ஒரு பெண் குழந்தையின் தாயிடம், "குழந்தை தவழுதாம்மா?" என்று கேட்டார். களிமண் படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அந்தத் தாய், "கீழ விட்டாத்தானே தவழும்?" என்றார். உதவியாளர் சற்றுத் தயங்கினார். பிறகு 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அந்த இளம்பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த தாளில் 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்கள்தாம் இருந்தன. மதியத்துக்குள் அவர் இன்னும் ஐந்து வீடுகளை முடிக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் தாயின் பதில் அந்த இரண்டு கட்டங்களில் எதிலும் அடங்காது. தன் பிள்ளைக்குத் தவழ வராது என்று அவர் சொல்லவில்லை. தவழ்வதற்கு இடம் கொடுக்க முடியவில்லை என்று சொன்னார். திறன் குறைந்த குழந்தைக்கும் வாய்ப்புக் குறைந்த குழந்தைக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மூன்றே சொற்களில் அவர் வைத்துவிட்டார். அது எங்கும் பதிவாகவில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். குழந்தைக்கு நீங்கள் இடும் மதிப்பெண்ணோடு, அந்த மதிப்பெண் எந்தப் பகல்பொழுதிலிருந்து பிறந்தது என்பதையும் எழுதுங்கள். அதைத் தாயிடம் கேட்டு எழுதுங்கள். எழுதியதைத் திரும்ப வந்து தாயிடம் சொல்லுங்கள்.

அந்தப் பெண் குழந்தையின் பகல்பொழுதை நான் அருகிருந்து பார்த்திருக்கிறேன். கல் அறுக்கும் வேலை அதிகாலை இரண்டு, மூன்று மணிக்கே தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் அன்றைய கணக்குக்குக் கல் போட்டாக வேண்டும். விழித்துப் பால் குடித்த குழந்தையைத் தாய் ஆறு மணிவாக்கில் தூளியில் இட்டுவிடுவார். குடிசையின் குறுக்குக் கழியில் பழைய நூல்புடவையை இரட்டையாக மடித்துக் கட்டி, துணி விரிந்து நிற்பதற்காக இடையில் ஒரு மூங்கில் கம்பைச் செருகியிருப்பார்கள். தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தூளி தொங்கும். ஆறு வயது அக்காள் ஒரு காலால் அதை உந்தி உந்தி ஆட்டுவாள். துணி உடம்பைச் சுற்றி வளைந்து அணைத்துக்கொள்வதால், தூளிக்குள் குழந்தையால் புரள முடியாது. கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கவும் முடியாது. விழித்துக்கொண்டால் இரு கைகளாலும் துணியின் ஓரத்தை விலக்கி, அந்த இடுக்கின் வழியே வெளியே பார்க்கும். பத்து மணிக்குக் கூழ் ஊட்டுவதற்காக எடுப்பார்கள். பிறகு இடுப்பில் சற்று நேரம், மறுபடியும் தூளி. கீழே விடாததற்குக் காரணம் சோம்பலோ அறியாமையோ அல்ல. குடிசை வாசலில் இறங்கினால் உடைந்த செங்கல் சில்லுகள், காயப்போட்ட பச்சைக் கல் வரிசைகள், லாரி திரும்பும் பாதை, நாய், தேள். ஒரு தாய் செய்யக்கூடியவற்றுள் மிகப் பாதுகாப்பானதைத்தான் அவர் செய்தார்.

நான் அன்று மாலை வேலை ஓய்ந்த பிறகு, இரண்டு கோணிகளை விரித்து அதன்மேல் ஒரு போர்வையைப் போட்டு, குழந்தையைக் குப்புறக் கிடத்திப் பார்த்தேன். சில நிமிடம் சிணுங்கினாள். பிறகு இரு கைகளையும் ஊன்றினாள், முழங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டாள், முன்னும் பின்னுமாக ஆடினாள், நகரவில்லை. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் இப்படி விடும்படி தாயிடம் சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் நான் போனபோது கோணியின் எல்லையைத் தாண்டி அடுப்பங்கரைக்குத் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாள். ஒரு குழந்தையை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்பதை அறிவேன். ஆயினும் கேள்வித்தாளில் 'இல்லை' என்று பதிந்த குழந்தை இவள்தான். அந்தப் பதிவு இன்றும் ஏதோ ஒரு அட்டவணையில் 'தாமதம்' என்ற நிரலில் இருக்கும் என்பதே என் கவலை.

இதெல்லாம் உங்களுக்குப் புதிய செய்தியல்ல. வளர்ப்பு முறையே இயக்க வளர்ச்சியின் கால வரிசையை மாற்றும் என்பதைக் காட்டியவர்கள் உங்கள் துறையின் முன்னோர்களே. கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடையே சார்லஸ் சூப்பர் செய்த ஆய்வு 1976-ல் வெளிவந்தது. அங்குள்ள குழந்தைகள் அமெரிக்கக் குழந்தைகளைவிடச் சுமார் ஒரு மாதம் முன்னதாகவே உட்கார்ந்தன, நடந்தன; ஆனால் தவழ்வது போன்றவற்றில் முந்தவில்லை. ஆப்பிரிக்கக் குழந்தைகள் பிறவியிலேயே வேகமானவை என்று அதுவரை பேசிவந்த பேச்சுக்கு அவர் கண்ட விடை எளிமையானது: அந்தத் தாய்மார்கள் உட்காரவும் நடக்கவும் பிள்ளைகளுக்குத் திட்டமிட்டுப் பழக்கினார்கள், தவழப் பழக்கவில்லை. அமெரிக்காவிலேயே, திடீர்ச் சிசு மரணத்தைத் தவிர்ப்பதற்காகக் குழந்தைகளை மல்லாக்கப் படுக்க வைக்கும்படி 1990-களில் அறிவுறுத்தப்பட்ட பின்னர், குப்புறப் படுத்து உறங்கிய குழந்தைகளைவிட மல்லாந்து உறங்கிய குழந்தைகள் சற்றுத் தாமதமாகப் புரண்டன, தவழ்ந்தன. அதை யாரும் குறைபாடு என்று எழுதவில்லை. உறங்கும் முறை மாறியதால் வந்த மாற்றம் என்றே எழுதினார்கள். தஜிகிஸ்தானில் குழந்தையைக் கால் கை அசையாமல் கட்டிப் படுக்கவைக்கும் கஹ்வோரா என்ற தொட்டிலை ஓர் ஆய்வுக் குழு தனிப்பொருளாகவே எடுத்துக்கொண்டு, எந்த வயதில் எத்தனை மணி நேரம் குழந்தை அதில் கிடக்கிறது என்று கேட்டு 2018-ல் கட்டுரை வெளியிட்டது. கஹ்வோராவுக்குக் கிடைத்த அந்த மதிப்பு எங்கள் தூளிக்கும் கிடைக்க வேண்டும். தூளி நல்லதா கெட்டதா என்ற தீர்ப்பை நான் கேட்கவில்லை. தூளி ஆடுவதில் குழந்தையின் சமநிலைப் புலனுக்குக் கிடைப்பது என்ன, இடுப்பில் அமர்ந்து பெரியவர்களின் முகங்களையும் பேச்சையும் அருகில் பெறுவதில் கிடைப்பது என்ன, தரை கிடைக்காததில் இழப்பது என்ன என்று அறிய விரும்புகிறேன். மணிக்கணக்கை எழுதாமல் இவற்றில் எதையும் அறிய முடியாது.

உடலியக்கத்தையும் அறிவையும் தனித்தனி மதிப்பெண்ணாக இட்டாலும் அவை தனித்தனியாக வளர்வதில்லை என்பதால்தான் இது இன்னும் முக்கியமாகிறது. ஒரு பொருளைத் துணிக்குக் கீழே மறைத்துவிட்டுக் குழந்தை தேடுகிறதா என்று பார்க்கும் சோதனையை நீங்கள் அறிவு வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கிறீர்கள். கெர்மோயன், காம்போஸ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1988-ல் எட்டரை மாதக் குழந்தைகளிடம் இதையே சோதித்தபோது, கையும் முழங்காலும் ஊன்றித் தவழ்ந்த குழந்தைகள் தேடுவதில் முன்னே நின்றன; நகரத் தொடங்காத குழந்தைகள் பின்தங்கின. இன்னும் தவழாவிட்டாலும், சக்கரம் வைத்த இருக்கையில் அமர்ந்து வீட்டுக்குள் சுற்றிவந்த குழந்தைகளும் முன்னே நின்றன. வயிற்றால் ஊர்ந்து நகர்ந்தவையோ, நகராதவற்றைப் போலவே இருந்தன. தானாக இடம்பெயர்வது குழந்தையின் தேடலையும் நினைவையும் தொடுகிறது என்றால், தூளியில் கிடந்த குழந்தை துணிக்குக் கீழே தேடாததைப் புத்திக் குறைவு என்று எப்படி எழுதுவது? கேரன் அடால்ஃபும் அவருடைய குழுவும் 2012-ல் வெளியிட்ட எண்ணிக்கை என் மனத்தை விட்டு நீங்காத ஒன்று. இஷ்டம்போல் விளையாடும் பன்னிரண்டு முதல் பத்தொன்பது மாதக் குழந்தை, ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடிகள் எடுத்து வைக்கிறது, 17 முறை விழுகிறது. அத்தனை அடியும் அத்தனை விழுகையும் ஒரு குழந்தைக்குக் கிடைத்து இன்னொன்றுக்குக் கிடைக்காதபோது, இரண்டையும் ஒரே அறையில் ஒரே பாயில் நிறுத்தி அரைமணி நேரம் அளந்தால், அளக்கப்படுவதில் எவ்வளவு குழந்தையுடையது, எவ்வளவு குடிசை வாசலுடையது?

அடுத்து, சொற்கள். இதில் நான் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன, நுழைந்தது தெரிவதுமில்லை.

வயதைக் கேட்கும்போது எங்கள் ஊர்த் தாய்மார்கள் நடக்கிற மாதத்தைச் சொல்வார்கள். "ஒன்பது மாசம் நடக்குது" என்றால் எட்டு மாதம் முடிந்து ஒன்பதாவது ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். உங்கள் அட்டவணைகள் முடிந்த மாதங்களைக் கணக்கிடுபவை. 'நடக்குது' என்ற சொல்லைக் காதில் வாங்காமல் ஒன்பது என்று எழுதிக்கொண்டால், குழந்தையின் வயதில் ஒரு மாதம் கூடிவிடும். மதிப்பெண்ணும் அதற்கேற்பக் குறையும். பிறந்த நாள் எழுதிய அட்டை வீட்டில் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சூளைக்கு வரும் குடும்பங்கள் அட்டையைச் சொந்த ஊரில் பெட்டிக்குள் பத்திரமாக வைத்துவிட்டு வருகின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு இது இரட்டைச் சிக்கல். முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துத் திருத்திய வயதைக் கொள்ள வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் தாய்க்குத் தெரிந்தது "எட்டாம் மாசத்துலயே பொறந்துட்டான்" என்பதுதான். அந்த எட்டாம் மாதமும் நடந்துகொண்டிருந்த மாதமே.

'தவழ்தல்' என்ற சொல்லும் இப்படித்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறையில் கையும் முழங்காலும் ஊன்றி, வயிறு தரையில் படாமல் நகர்ந்தால்தான் அது கணக்கில் சேரும். எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் வயிற்றால் தேய்த்து நகர்வதை "நீந்துது" என்பார்கள். முழங்கால் ஊன்றிப் போவதைத் "தவழுது" என்பார்கள். உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்துப் போகும் குழந்தையும் உண்டு, அதற்கு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். இத்தனை நுணுக்கம் பேச்சில் இருக்கும்போது, கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் 'தவழ்தல்' என்று ஒரே சொல்லைப் போடுகிறார்கள். சற்று முன் நான் சொன்ன 1988-ஆம் ஆண்டு ஆய்வில் நீந்திய குழந்தைக்கும் தவழ்ந்த குழந்தைக்கும் இடையில்தான் கோடு விழுந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தக் கோட்டை எங்கள் பாட்டிமார்கள் முன்பே போட்டு வைத்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்தான் அதை அழித்துவிட்டார்.

மற்றொன்று நடைவண்டி. "குழந்தைக்கு நடைவண்டி பயன்படுத்துகிறீர்களா?" என்று ஒரு கேள்வி, தாய்மார்களில் பலர் ஆம் என்றார்கள். கேட்டவர் மனத்தில் இருந்தது குழந்தையை உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கர். படிக்கட்டில் உருண்டு விழும் ஆபத்து கருதிக் கனடா 2004-ல் தடை செய்தது அதைத்தான். சொன்னவர்கள் மனத்தில் இருந்தது தேரடித் திருவிழாக் கடைகளில் விற்கும் மூன்று சக்கர மர வண்டி. அதன் பின்னே குழந்தை தன் காலில் தானே நின்று, கட்டையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும். ஒன்று குழந்தையின் எடையைத் தான் சுமக்கிறது. மற்றொன்று குழந்தையைத் தன் எடையைத் தானே சுமக்க வைக்கிறது. இரண்டையும் ஒரே நிரலில் கூட்டி, "நடை பழகும் கருவிக்கும் நடக்கும் வயதுக்கும் தொடர்பு காணப்படவில்லை" என்று எழுதினால், அந்த முடிவை நான் எந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்வது?

இங்கே பழைய மரபு ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்துப் பாடுகிறது. ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் குழந்தை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும். ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் கை தட்டும். பதின்மூன்றாம் மாதம் வருகை. தளர்நடையிட்டு வரும்படி அழைப்பார்கள். பதினைந்தாம் மாதம் அம்புலி. நிலவைக் காட்டி, விளையாட வா என்று அதை அழைப்பார்கள். ஒருவர் காட்டும் தொலைப்பொருளைக் குழந்தை சேர்ந்து நோக்குவதை நீங்கள் எவ்வளவு முக்கியமாகக் கருதுகிறீர்கள் என்பதை அறிந்த எனக்கு, ஒரு பருவத்தையே அதற்கு ஒதுக்கியிருப்பது வியப்பைத் தருகிறது. உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, குழந்தை தனியே நடக்கும் சராசரி வயது பன்னிரண்டு மாதத்தைச் சற்றே தாண்டுகிறது. பன்னிரண்டு மாதம் முடிந்தால் நடப்பது பதின்மூன்றாம் மாதம். அதுவே வருகைப் பருவம். புலவர்கள் ஆய்வு செய்தார்கள் என்று நான் உரிமை கொண்டாடவில்லை. பிள்ளைகளைக் கூர்ந்து பார்த்த ஒரு சமூகத்தின் சொற்கள் இவை. கேள்வித்தாள் எழுதும்போது அகராதியைத் தேடுவதற்கு முன் இந்தச் சொற்களைத் தேடலாம்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே கணக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது; அதைத் தாய்மார்களிடம் கொண்டுசேர்க்க நான் மிகவும் பாடுபடுகிறேன். தனியே நடப்பது 8.2 மாதத்திலும் நிகழலாம், 17.6 மாதத்திலும் நிகழலாம். இடையில் ஒன்பது மாதத்துக்கு மேல் அகலம் இருக்கிறது. கவனிக்கப்பட்ட குழந்தைகளில் 4.3 சதவீதம் கைமுழங்கால் ஊன்றித் தவழவே இல்லை. அப்படித் தவழாமலே நடக்கத் தொடங்கின. கைபேசியில் ஏதோ ஒரு பட்டியலைப் பார்த்துவிட்டு, பதினொரு மாதத்தில் நடக்கவில்லை என்று கண்ணீரோடு வரும் தாய்க்கு இந்த அகலத்தைச் சொன்னால் முகம் தெளிகிறது. மறுபுறம், எல்லாம் தானாகச் சரியாகும் என்று பதினெட்டு மாதம் தாண்டியும் காத்திருந்துவிட்டு வருகிறவர்களிடம், ஏன் முன்பே வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வருவதில்லை. இரண்டு வகையினருக்கும் உங்கள் எண்கள் தேவை. அவை தமிழில், தாயின் கைக்கு எட்டும்படி கிடைப்பதில்லை.

சோதிக்கும் பொருள்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழந்தை வளர்ச்சியை அளக்க உங்களில் பலர் பயன்படுத்தும் பெய்லி அளவுகோலின் மூன்றாம் பதிப்பு 1,700 அமெரிக்கக் குழந்தைகளை வைத்துத் தரப்படுத்தப்பட்டது. அது நன்கு ஆராய்ந்து செய்த கருவி. அதைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் படி ஏறுகிறதா என்று பார்ப்பதற்கு வீட்டில் படி இருக்க வேண்டும். ஒற்றைத் தள ஓட்டு வீட்டிலும் சூளைக் குடிசையிலும் வளரும் குழந்தை, அங்கன்வாடி வாசலில் உள்ள இரண்டு படிகளைத் தவிர வேறு படியைக் கண்டதில்லை. கரண்டியால் தானே எடுத்து உண்கிறதா என்ற கேள்விக்கு, மூன்று வயது வரை சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடும் வீட்டில் 'இல்லை' என்றே பதில் வரும். அதே குழந்தை, தரையில் சிந்திய பொரியைக் கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் கூட்டி ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாயில் போடுவதைப் பத்து மாதத்திலேயே பார்க்கலாம். விரல் நுனிப் பிடிப்பைச் சோதிக்கப் பொரியைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. விலையும் ஐந்து ரூபாய். பரோடாவில் பிரமிளா பாடக் அம்மையார் இந்தியக் குழந்தைகளை வைத்தே 67 இயக்கக் கூறுகளும் 163 அறிவுக் கூறுகளும் கொண்ட அளவுகோலை உருவாக்கினார். திருவனந்தபுரத்திலோ களப்பணியாளர் சில நிமிடங்களில் பார்த்து முடிக்கும்படி 17 கூறுகளே கொண்ட அட்டவணையை 1991-லேயே வெளியிட்டார்கள். இந்த மண்ணிலேயே செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று. பின்வந்தவர்கள் அந்த வழியை இன்னும் அகலமாக்கியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

சோதிக்கும் நேரமும் முக்கியம். ஒரு நகரத்து மையத்துக்கு, நான் அனுப்பிய ஒன்றரை வயதுப் பையனைக் காலை ஏழு மணிக்குப் பேருந்தேற்றிப் பதினோரு மணிக்கு உள்ளே அழைத்தார்கள். அது அவன் உறங்கும் நேரம். வெள்ளை அங்கியைக் கண்டதும் தடுப்பூசி நினைவு வந்து தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அடுக்கச் சொன்ன கட்டைகளைத் தொடவே இல்லை. 'குழந்தை ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு, எடுத்தவரைக்கும் மதிப்பெண்ணையும் எழுதினார்கள். முதல் நாள்தான் அவன் எங்கள் வராந்தாவில் ஆறு தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தட்டிவிட்டுச் சிரித்தான். அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் கால் மணி நேரம் குழந்தையை ஒன்றும் கேட்காமல் தாயோடு பேசிக்கொண்டிருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தை உங்களைப் பார்த்து முடிக்கட்டும்.

ஒரு நாளின் கணக்கை எழுதுவது நடைமுறைக்கு ஒத்துவராது என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். வேலூரில் அது நடந்திருக்கிறது. வயிற்று நோய்த்தொற்றும் ஊட்டக்குறைவும் குழந்தையின் வளர்ச்சியை எப்படிப் பாதிக்கின்றன என்பதை அறிய 2009-ல் எட்டு நாடுகளில் தொடங்கிய பெரிய ஆய்வில் வேலூரும் ஓர் இடம். களப்பணியாளர்கள் வாரத்தில் இரண்டு முறை வீடு தேடிச் சென்று, குழந்தைக்கு எந்தெந்த நாளில் வயிற்றுப்போக்கு இருந்தது, காய்ச்சல் இருந்தது, என்ன உண்டது என்று குறித்துக்கொண்டார்கள். நோயையும் உணவையும் வீட்டுச் சூழலையும் சேர்த்துப் பார்த்ததால்தான் இரண்டு வயதில் அறிவு வளர்ச்சியில் தெரிந்த வேறுபாடுகளை அவர்களால் விளக்க முடிந்தது. வயிற்றுப்போக்கு கண்ட நாளை எழுத முடிந்தவர்களால், தூளியில் எத்தனை மணி, இடுப்பில் எத்தனை மணி, தரையில் எத்தனை மணி, உடன் இருந்தவர் யார் என்ற நான்கு வரிகளையும் எழுத முடியும். தாயைக் கேட்டால் தயங்காமல் சொல்வார்; அந்தக் கணக்கு அவர் உடம்பிலேயே இருக்கிறது.

இறுதியாக, எழுதியதைத் திரும்பச் சொல்வது பற்றி. இரண்டு ஆண்டுகள் ஓர் ஆய்வுக் குழு வந்து போன ஒரு குடியிருப்பில், ஆய்வு முடிந்ததும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு தாய் அந்தக் குழு வந்த ஒவ்வொரு நாளையும் மூத்த மகனின் பழைய கணக்கு நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்திருந்தார். அதை என்னிடம் காட்டி, "பதினேழு தடவ வந்தாங்க, எம்புள்ள பாசா பெயிலான்னு யாருமே சொல்லலையே" என்றார். அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வி அல்ல. பையனின் வலது கை இடது கையைவிடக் குறைவாகவே வேலை செய்கிறது என்ற சந்தேகம் அவருக்கு ஓராண்டாக இருந்தது. வந்தவர்கள் படித்தவர்கள், ஏதாவது இருந்தால் சொல்லியிருப்பார்கள் என்று நம்பி அவர் எந்த மருத்துவரிடமும் போகவில்லை. சந்தேகம் சரிதான். வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளைக் கண்டறிந்து மாவட்டத் தொடக்கநிலைத் தலையீட்டு மையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு 2013 முதல் அரசுத் திட்டமாகவே இருக்கிறது. மதிப்பெண் தாளைப் பார்த்த யாரேனும் ஒருவர் ஒரு வரி எழுதித் தந்திருந்தால், அந்தக் கைக்கு ஓராண்டு முன்பே பயிற்சி தொடங்கியிருக்கலாம். முடிவுகளைத் தொகுக்கும்போது தனிக் குழந்தையின் பெயர் நீக்கப்படும் என்ற விதி குழந்தையைக் காப்பதற்காக உள்ளது. தாயிடமிருந்து மறைப்பதற்காக இல்லை.

வந்தவர்கள் சொல்லவும் செய்தால் என்ன நிகழும் என்பதற்கு ஜமைக்கா இருக்கிறது. சாலி கிரந்தம் மெக்கிரிகோர் அம்மையாரின் குழு, கிங்ஸ்டன் நகரின் ஏழைப் பகுதிகளில் வளர்த்தி குன்றிய 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள் சென்றார்கள். வீட்டிலேயே செய்த விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். 1991-ல் வெளியான முடிவுகளில் அந்தக் குழந்தைகள் முன்னேறியிருந்தன. சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பார்த்தபோது, அவர்களுடைய வருமானம் அந்த வருகை கிடைக்காத குழந்தைகளுடையதைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது என்று 2014-ல் எழுதினார்கள். அங்கே வீட்டுக்குள் நுழைந்தவர் அளந்து எடுத்துக்கொண்டு மட்டும் போகவில்லை. தாயோடு தரையில் உட்கார்ந்தார்.

நான் போகும் சூளைகளில் தை பிறந்ததும் வேலை தொடங்கும். ஆனி வரை குடும்பங்கள் அங்கேயே இருக்கும். உங்களில் யார் வர விரும்பினாலும் அழைத்துச் செல்கிறேன். செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களும் என் சூளை நாள்கள். காலை ஒன்பது மணிக்குள் வந்துவிட்டால் குழந்தைகள் விழித்திருப்பார்கள்; பத்து மணிக்குக் கூழ் குடித்துவிட்டு உறங்கிவிடுவார்கள். விரிப்பதற்குக் கோணி அங்கேயே கிடைக்கும், பொரியை நான் வாங்கி வருகிறேன். உங்கள் கேள்வித்தாளின் ஒரு படியை ஒரு வாரம் முன்னதாக அனுப்பினால், அந்தத் தாய்மார்களையே உட்காரவைத்து வரி வரியாக வாசித்துக் காட்டி, எந்தச் சொல் எந்த வீட்டில் எப்படிப் புரிகிறது என்று ஓரத்தில் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்,
திருவள்ளூர் மாவட்டம்.